புகையடுப்பும் பெயரற்ற கைகளும்

ஹஜ்ஜுப் பெருநாளைத் தொடர்ந்து வரும் துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களுக்கும் ‘அய்யாமுத் தஷ்ரீக்’ என்று பெயர். அந்நாட்களில் தொழுகைதோறும் தக்பீர் முழங்குவதை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. ஆயின், ‘தஷ்ரீக்’ என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவர். இறைச்சியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து வெயிலில் உலர்த்துதல் என்பது அரபு அகராதி நூலார் அச்சொல்லுக்குத் தரும் விளக்கங்களுள் ஒன்று. மினாவில் குர்பானி கொடுத்த இறைச்சி முழுவதையும் அன்றே உண்டு முடிக்க இயலாது. பாலையின் வெயிலோ கடுமையானது. காற்றோ ஈரம் அற்றது. எனவே அரபுகள் அதனை அரிந்து, உலர்த்தி, வழிப்பயணத்திற்கு எடுத்துச் சென்றனர். அவ்வாறு உலர்ந்த இறைச்சியைக் ‘கதீத்’ என்பர். அது எளியோரின் உணவு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது எளிமையை உணர்த்தும் பொருட்டு அவ்வுணவைச் சுட்டிப் பேசியதாக இப்னு மாஜாவின் தொகுப்பில் ஒரு ஹதீஸ் காணப்படுகிறது.

நம் நாட்டு முஸ்லிம் இல்லங்களிலும் பெருநாள் கழிந்த மறுநாள் மாடியிலும் முற்றத்திலும் உப்புக்கண்டம் காய்வதைக் காண்கிறோம். மஞ்சளும் உப்பும் தடவி, கயிற்றில் கோத்து, காக்கை அணுகாமல் காவல் காத்து நம் பெண்மக்கள் செய்யும் அவ்வேலை, மினாவின் தஷ்ரீக்கோடு உறவுடையதே.

ஆனால் உலகெங்கும் வெயில் ஒன்றுபோல் காய்வதில்லை. காற்றில் ஈரம் மிகுந்த தீவுகளிலும், மழை ஓயாத காடுகளிலும், குளிர் நாடுகளிலும் வாழ்ந்தோர் இறைச்சியை எவ்வாறு காத்தனர்? அவர்கள் நெருப்பின் துணையை நாடினர். நெருப்பினும் மேலாகப் புகையின் துணையை நாடினர். இன்று அமெரிக்க நாட்டில் வீட்டுப் புறக்கடையில் இரும்பாலான புகையடுப்பு ஒன்றை நிறுத்தி, இறைச்சியைப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் மெல்லிய புகையில் வேகவைத்து உண்பது பெரியதொரு வழக்கமாகிவிட்டது. அங்குக் குடியேறிய நம் பிள்ளைகளுள் சிலரும் அதனைக் கற்றுக்கொள்ள விழைகின்றனர். கற்க விரும்புவோர் அக்கலையின் வரலாற்றையும் சிறிது அறிதல் நலம். ஏனெனில் அதைக் கண்டவர், வளர்த்தவர், அதற்காகக் கண் விழித்தவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்து, சொல்லும் சுவையும் மட்டுமே எஞ்சி நிற்கின்றன.

புகை செய்யும் வேலை

விறகு எரியும்போது எழும் புகையில் நீராவி மட்டுமின்றி ஃபீனால் வகைச் சேர்மங்களும், ஃபார்மால்டிஹைடும், புளிப்பு அமிலங்களும் உள்ளன. அவை இறைச்சியின் மேற்பரப்பில் படிந்து, அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகாதவாறு தடுக்கின்றன. கொழுப்பு காறிப்போவதையும் அவை தாமதப்படுத்துகின்றன. அடுப்பின் மெல்லிய வெப்பமோ இறைச்சியிலுள்ள நீரை வெளியேற்றுகிறது. உப்பும் சேருமாயின் காவல் மேலும் வலுப்பெறுகிறது. நம் முன்னோர் அடுக்களைப் பரணில் விதைக் கதிர்களைப் புகைபடத் தொங்கவிட்டுப் பூச்சி அணுகாது காத்ததும் புகையின் இத்தன்மையை அனுபவத்தால் அறிந்தே ஆகும்.

இதற்கு இந்துமாக்கடலிலேயே நல்லதொரு சான்று உண்டு. 1343-ஆம் ஆண்டு மாலத்தீவை அடைந்து, அங்குக் காழியாகப் பணியாற்றிய பயணி இப்னு பதூதா, அத்தீவினர் மீனைப் பதப்படுத்தும் முறையைத் தம் பயண நூலில் எழுதி வைத்துள்ளார். மீனை நான்கு கண்டங்களாக வெட்டி, சிறிது வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவர் என்றும், நன்கு உலர்ந்த பின் அதனை இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் அனுப்புவர் என்றும் அவர் குறிக்கிறார். தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நாம் துருவிச் சம்பலுக்குச் சேர்க்கும் மாசி அதுவே. ஈரக் காற்று சூழ்ந்த அத்தீவில் வெயிலை மட்டும் நம்பியிருந்தால் அம்மீன் யமன் வரை சென்றிராது.

பரணும் அதன் பெயரும்

ஏறத்தாழ அதே சூழ்நிலை, உலகின் மறுபுறத்தில் கரிபியக் கடலின் தீவுகளிலும் நிலவியது. கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய தீவுகளில் தைனோ என்னும் மக்கள் வாழ்ந்தனர். 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் அக்கடலை அடைந்தார். 1494-இல் தம் இரண்டாம் பயணத்தின்போது அவருடைய ஆட்கள் கியூபாவின் குவாந்தனாமோ விரிகுடாவில் கரையேறினர். அங்கு நெருப்பின் மேல் மீன்களும், உடும்பு போன்ற இகுவானா என்னும் பிராணிகளும் வெந்துகொண்டிருந்தன. சமைத்தவர்கள் அச்சத்தால் ஓடிவிட்டிருந்தனர். வந்தவர்கள் மீனை மட்டும் உண்டார்கள்.

தைனோ மக்கள் கவைக் கம்புகளை நட்டு, அவற்றின் மேல் பச்சைக் கழிகளைப் பரப்பிப் பரண் அமைத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பர்பக்கோவா’. நம் பரணைப் போலவே அதுவும் பல வேலைகளுக்குப் பயன்பட்டது. அதன் மீது தானியம் சேமித்தனர், படுத்து உறங்கினர், கீழே மெல்லிய தீ மூட்டி, மேலே மீனையும் இறைச்சியையும் பரப்பிப் புகையில் வேகவும் உலரவும் விட்டனர். ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ 1526-இல் அச்சிட்ட தம் நூலில் அச்சொல்லை எடுத்தாண்டார். ஸ்பானிய மொழியிலிருந்து அது ஆங்கிலத்துக்குச் சென்று ‘பார்பிக்யூ’ ஆயிற்று.

ஆனால் அச்சொல்லைப் பேசியவர் கதி என்ன? தங்கச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் கட்டாய வேலை வாங்கப்பட்டு, பசியாலும் கொடுமையாலும் அவர்கள் மடிந்தனர். 1518-இன் இறுதியில் ஹிஸ்பானியோலாவில் பரவிய பெரியம்மை எஞ்சியவரில் பெரும்பகுதியினரையும் கொண்டு சென்றது. கொலம்பஸ் வந்து அறுபது ஆண்டுகள் கழிவதற்குள் தனித்ததொரு சமுதாயமாக அவர்கள் அங்கு நிலைத்திருக்கவில்லை. அவர்களுடைய இரத்தம் இன்றும் அத்தீவினரின் உடலில் கலந்து ஓடுகிறது. அவர்கள் மொழியோ சில பத்துச் சொற்களாகச் சிதறிவிட்டது. தொங்கு படுக்கைக்கும், தோணிக்கும், சூறாவளிக்கும், புகையிலைக்கும் ஆங்கிலம் வழங்கும் பெயர்கள் அம்மக்களின் வாயிலிருந்து வந்தவை. நம் கொல்லையில் காய்க்கும் பப்பாளியின் பெயரும் அக்கடற்புறத்து மொழிகளிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்ததே.

புகையிட்டவர் கொள்ளையரானது

இத்துறையைச் சேர்ந்த மற்றொரு சொல்லின் வரலாறும் அறியத்தக்கது. பிரேசில் நாட்டின் கரையோரத்தில் வாழ்ந்த தூப்பி மக்களும் இதே போன்ற பரணை அமைத்தனர். அவர்கள் சொல்லைப் பிரெஞ்சுக்காரர் ‘பூக்கான்’ என்று உச்சரித்தனர். ழான் தெ லேரி என்பவர் அவர்களிடையே வாழ்ந்து திரும்பி, 1578-இல் வெளியிட்ட நூலில் அதனை விரிவாக வருணித்துள்ளார்.

பின்னர் 1605, 1606-ஆம் ஆண்டுகளில் ஸ்பானிய அரசு, ஹிஸ்பானியோலாவின் வடக்கிலும் மேற்கிலும் இருந்த ஊர்களைக் காலி செய்வித்தது. அயல்நாட்டாரோடு அங்கு நடந்த கள்ள வாணிகத்தை ஒழிப்பதே அதன் நோக்கம். மனிதர் வெளியேறினர், அவர்கள் விட்டுச் சென்ற மாடுகளும் பன்றிகளும் காட்டில் பெருகின. அவற்றை வேட்டையாடப் பிரெஞ்சு நாட்டுத் தப்பியோடிகளும் கூலிகளும் அங்கு வந்து சேர்ந்தனர். வேட்டையாடிய இறைச்சியைப் பூக்கானில் புகையிட்டுக் கப்பல்களுக்கு விற்றனர். அதனால் அவர்களுக்குப் ‘பூக்கானியே’ என்று பெயர் உண்டாயிற்று. புகையிடுவோர் என்பதே அதன் பொருள். ஸ்பானியர் அவர்களைத் துரத்தியும், மாடுகளை அழித்தும் ஒடுக்க முற்பட்டபோது, பிழைப்பிழந்த அவர்கள் தோர்த்துகாத் தீவிலிருந்து கடற்கொள்ளையில் இறங்கினர். அவர்களிடையே மருத்துவராக இருந்த எக்ஸ்கெமெலின் 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூல் அவர்கள் புகழை உலகெங்கும் பரப்பியது. இன்று ஆங்கில அகராதியில் அப்பெயருக்குக் கடற்கொள்ளையன் என்பதே முதற்பொருள். இறைச்சிக்குப் புகையிடும் எளிய தொழில் அச்சொல்லின் அடியில் புதைந்து கிடக்கிறது.

குழியருகே விழித்திருந்தோர்

இக்கலை வட அமெரிக்காவின் தென்பகுதியில் வேரூன்றியபோது பரண் தரைக்கு இறங்கிக் குழியாயிற்று. நீண்ட குழி தோண்டி, ஓக், ஹிக்கரி போன்ற வன்மரங்களை எரித்துத் தணலாக்கி, குழியின் மேல் கழிகளை இட்டு, அவற்றின் மீது முழு ஆட்டையும், மாட்டையும், பன்றியையும் கிடத்தி இரவெல்லாம் வேகவைத்தனர். தேர்தல் கூட்டங்களுக்கும் சுதந்திர நாள் விழாக்களுக்கும் அவ்விருந்து இன்றியமையாததாயிற்று. ஜார்ஜ் வாஷிங்டன் 1769-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியா நகரில் அத்தகைய விருந்தொன்றுக்குச் சென்றதைத் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். 1793 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டிய பின் நடந்த விருந்தில், ஏறத்தாழ 227 கிலோ எடையுள்ள காளை ஒன்று அவ்வாறு சமைக்கப்பட்டது.

விருந்துக்கு வந்தோரின் பெயர்களை ஏடுகள் குறித்து வைத்தன. குழி தோண்டியவர் யார், விறகு பிளந்தவர் யார், புகையில் கண் எரிய விடியுமட்டும் இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தவர் யார் என்பதை அவை பெரும்பாலும் கூறவில்லை. தெற்கின் தோட்டங்களில் அவ்வேலையைச் செய்தோர் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் சந்ததியினரும் ஆவர். விருந்து எசமானனுடையது, புகழும் அவனுடையதே.

எனினும் சில குரல்கள் தப்பிப் பிழைத்தன. 1936 முதல் 1938 வரை, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு உயிரோடிருந்த முதியோரைத் தேடிச் சென்று அவர்கள் நினைவுகளைப் பதிவு செய்ய அமெரிக்க அரசு ஏற்பாடு செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கூற்றுகள் அவ்வாறு சேர்ந்தன. தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ் என்னும் தொண்ணூறு வயது கடந்த முதியவர் தம் இளமைக் காலத்தை நினைவு கூர்ந்தார். விருந்துக்கு முந்திய இரவு முழுதும் தாம் உறங்காமல் விழித்திருந்ததையும், நீண்ட கழி நுனியில் துணி சுற்றி, காடியும் மிளகும் மிளகாயும் உப்பும் வெண்ணெயும் கொத்தமல்லியும் வெங்காயமும் பூண்டும் சேர்ந்த கலவையை இறைச்சி மீது ஓயாமல் தடவியதையும் அவர் விவரித்தார். தடவிய சாறு தணலில் சொட்டி, மணமுள்ள புகையாகத் திரும்ப எழுந்து இறைச்சியில் ஏறுகிறது என்ற நுட்பத்தையும் அவர் எடுத்துரைத்தார். இன்று நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் அடிப்படையை அம்முதியவர் சில சொற்களில் கூறிவிட்டார்.

அவ்வாறு கொண்டுவரப்பட்டோரில் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. இன்றைய செனகல் நாட்டுப் பகுதியான ஃபூத்தா தோரோவில் பிறந்து, நெடுங்காலம் கல்வி பயின்ற உமர் இப்னு ஸயீத் 1807-இல் அடிமையாகச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். பின்னர் வட கரோலினாவில் வாழ்ந்த அவர், 1831-இல் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். சூரத்துல் முல்க்கோடு தொடங்கும் அக்கையெழுத்துப் பிரதி 2017-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்தை வந்தடைந்தது. அவர் கையில் எழுதுகோல் இருந்தது. ஆதலால் அவர் பெயரை நாம் அறிகிறோம். எழுதுகோல் இல்லாமல் நெருப்புக் கோலை மட்டும் பிடித்தவர் பல்லாயிரவர். அவர்கள் எழுதியதெல்லாம் புகையில் எழுதியதாயிற்று.

1865 ஜூன் 19 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் விடுதலை அறிவிப்பு வாசிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடிய கறுப்பு மக்கள், எசமானனுக்காகக் குழியில் வேகவைத்த அதே உணவைத் தமக்காகவும் தம் பிள்ளைகளுக்காகவும் சமைத்தனர். 2021-ஆம் ஆண்டு முதல் அந்நாள் தேசிய விடுமுறை நாளாக விளங்குகிறது. அதே ஆண்டில் ஏட்ரியன் மில்லர் என்னும் ஆய்வாளர் ‘பிளாக் ஸ்மோக்’ என்ற நூலை வெளியிட்டு, இக்கலையில் கறுப்பு மக்களின் பங்கைத் தொகுத்துக் காட்டினார். இருநூறு ஆண்டு மௌனத்துக்குப் பின் பெயர்கள் சில இப்பொழுதுதான் ஏடேறுகின்றன.

இறைச்சிக் கடையின் பின்கட்டு

டெக்சாஸின் மத்திய பகுதியில் இக்கலை வேறொரு வடிவம் பெற்றது. 1840-கள் முதல் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் மக்கள் வந்து அங்குக் குடியேறினர். அவர்களுள் இறைச்சிக் கடை வைத்தோர், அன்றைக்கு விற்காமல் எஞ்சிய இறைச்சியைக் கடையின் பின்கட்டில் புகையிட்டு வைத்தனர். பனிப்பெட்டி பரவாத காலம் அது. பருத்திப் பருவத்தில் ஊர் ஊராக வந்த கறுப்பு இனத்துக் கூலிகளும் மெக்சிகோ நாட்டுக் கூலிகளும் அதனை வாங்கி, இறைச்சி சுற்றிய தாளையே தட்டாக விரித்து உண்டனர். உணவு விடுதிகளில் அவர்களை உள்ளே அமர விடாத நாட்கள் அவை. லாக்ஹார்ட் என்னும் சிற்றூரில் 1900-இல் தொடங்கிய குரோய்ட்ஸ் கடை அவ்வகையில் பெயர் பெற்றது. தாளில் வைத்து உண்ணும் அப்பழக்கம் இன்றும் அவ்வூர்க் கடைகளில் நிலவுகிறது.

அக்கடைகளுக்கு இன்று பெரும்புகழ் சேர்ப்பது மாட்டின் நெஞ்சுக்கறி. உயிரோடிருக்கும்போது மாட்டின் எடையில் பெரும்பகுதியைத் தாங்கும் பகுதி அது. ஆதலால் தசை நார் இறுகி, எளிதில் வேகாது. விலையும் குறைவாக இருந்தது. அதனை மெல்லிய வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருந்தால், நாரைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் பொருள் 70 டிகிரி செல்சியசுக்கு மேல் சிறிது சிறிதாகக் கரைந்து பாகுபோல் ஆகிறது. ஒருவரும் விரும்பாத கறி, கத்தி படுமுன்பே பிரியும் மென்மையை அடைகிறது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அதுவே செருப்புத் தோலாகிவிடும்.

முஸ்லிம்களாகிய நமக்கு ஒரு செய்தி இங்குக் குறிப்பிடத்தக்கது. கரோலினா, டென்னசி முதலிய மாநிலங்களில் புகையடுப்பு என்றாலே பன்றி இறைச்சிதான். டெக்சாஸிலோ மாட்டிறைச்சியே தலைமை பெறுகிறது. கென்டக்கி மாநிலத்து ஓவன்ஸ்பரோ என்னும் ஊரில் செம்மறியாட்டு இறைச்சியை ஹிக்கரிப் புகையில் வேகவைப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். எனவே இக்கலை பன்றியோடு பிரிக்கவியலாதபடி பிணைந்தது என்று கருதி ஒதுங்க வேண்டியதில்லை. ஹலாலாக அறுத்த இறைச்சியைக் கொண்டு முழுமையாகச் செய்யத்தக்கதே இது.

புறக்கடைக்கு வந்த அடுப்பு

ஊர் விருந்துக்குரிய குழி, தனி வீட்டின் புறக்கடைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1920-களில் ஹென்றி ஃபோர்டு தம் மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் எஞ்சிய மரத்துண்டுகளைக் கரியாக்கி, வில்லைகளாக அழுத்தி விற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நகர்ப்புறங்களில் தோட்டத்தோடு கூடிய வீடுகள் பெருகின. 1952-இல் சிகாகோ அருகே வெபர் சகோதரர் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவை செய்யும் உருண்டையை இரண்டாக வெட்டி, மூடியுள்ள அடுப்பொன்றை உருவாக்கினார். டெக்சாஸில் பற்ற வைப்போர், எண்ணெய்க் கிணறுகளின் பருத்த இரும்புக் குழாய்களை வெட்டி, படுக்கை வாட்டில் இறைச்சிக் கூடமும், அதன் பக்கத்தில் தனித் தீப்பெட்டியும் அமைந்த புகையடுப்புகளைச் செய்தனர். தீ ஓரிடம், இறைச்சி ஓரிடம். இடையே புகையும் வெப்பமும் மட்டும் ஊர்ந்து செல்லும். 1980-களில் அரைத்த மரத்தூளைக் குளிகைகளாக்கித் தானே ஊட்டிக்கொள்ளும் அடுப்புகளும் விற்பனைக்கு வந்தன.

தொடங்குவோர்க்குச் சில

புதிதாக இதில் இறங்குவோர் விலையுயர்ந்த அடுப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூடியும், கீழும் மேலும் காற்று வாய்களும் உள்ள எந்த அடுப்பும் போதும். தணலை ஒருபுறம் ஒதுக்கி, இறைச்சியை மறுபுறம் வைத்து, கீழே ஒரு தட்டில் நீர் நிரப்பினால் அதுவே புகையடுப்பு ஆகிவிடும். பன்றி இறைச்சி சமைக்கப்பட்ட பழைய அடுப்பை வாங்க நேர்ந்தால் அதனைத் தூய்மை செய்யும் முறையைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு அறிதல் வேண்டும். புதியதை வாங்குவதே எளிது.

மரம் வன்மரமாகவும் நன்கு உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஓக், ஹிக்கரி, ஆப்பிள் ஆகியன ஏற்றவை. தெற்கு டெக்சாஸில் பயன்படும் மெஸ்கீட் மரம், இராமநாதபுரம் மாவட்டத்தில் கரி சுடப்படும் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவே. அதன் புகை கடுமையானது, ஆதலால் அளவோடு இடுதல் நலம். பைன் போன்ற பிசின் மரங்களும், வண்ணம் பூசிய பலகைகளும் அறவே ஆகா. வெண்மையாகத் திரண்டு எழும் புகை இறைச்சியைக் கசப்பாக்கும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய நீலப் புகையே வேண்டத்தக்கது. அதற்குத் தீ மூச்சுவிடக் காற்று வேண்டும், புகைபோக்கியை அடைத்தலாகாது.

கூடத்தின் வெப்பம் 107 முதல் 120 டிகிரி செல்சியசு வரை நிலைத்திருக்குமாறு காற்று வாய்களைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். இறைச்சியில் செருகும் வெப்பமானி ஒன்று கட்டாயம் தேவை. முதன்முதலாகச் செய்வோர் முழுக் கோழியில் தொடங்கலாம். மூன்று மணி நேர அளவில் அது முடிந்துவிடும். கறியின் உட்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். அடுத்ததாக ஆட்டின் முன்சப்பை. கை பழகிய பின்னரே நெஞ்சுக்கறி. ஐந்தாறு கிலோ எடையுள்ள நெஞ்சுக்கறிக்கு உப்பும் மிளகும் தடவினால் போதும்; பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

அதில் ஒரு கட்டம் புதியவரை மிகவும் கலங்கச் செய்யும். உட்பகுதி வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் ஏறாமல் பல மணி நேரம் நின்றுவிடும். இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகி, மண்பானை நீரைக் குளிர்விப்பதுபோல் கறியையும் குளிர்விப்பதே அதற்குக் காரணம். தீயைக் கூட்டாமல் பொறுத்திருந்தால் ஈரம் குறைந்து வெப்பம் மீண்டும் ஏறும். தாளில் சுற்றி வைத்து விரைவுபடுத்துவோரும் உண்டு. 93 முதல் 95 டிகிரியில், செருகிய கம்பி தடையின்றி உள்ளே இறங்குமாயின் இறக்கிவிடலாம். பின் ஒரு மணி நேரமாவது மூடி வைத்து ஆறவிட்டு, நாருக்குக் குறுக்காக அரிதல் வேண்டும்.

எச்சரிக்கைகளும் உண்டு. கரித்தணலின் காற்றில் மணமும் நிறமுமற்ற நச்சு வாயு கலந்திருப்பதால் அடுப்பை வீட்டுக்குள்ளோ, மூடிய மாடத்திலோ ஒருபோதும் வைத்தலாகாது. வேகவைக்காமல் குளிர்ந்த புகையில் மட்டும் பல நாள் பதப்படுத்தும் முறை, உப்பின் அளவு தவறினால் உயிருக்கே ஊறு செய்யும் நச்சுக் கிருமிக்கு இடம் கொடுக்கும்; புதியவர் அதனை நாடற்க. புகையில் புற்றுநோய்க்கு வழிகோலும் பொருள்களும் சிறிது உள்ளன. ஆதலால் இது நாள்தோறும் உண்ணும் உணவன்று. விருந்து நாளுக்கு உரியது.

கடன்

இன்று இறைச்சியைக் காக்கப் புகை தேவையில்லை. பனிப்பெட்டி அவ்வேலையைச் செய்கிறது. தேவை போய்விட்டது, சுவை நின்றுவிட்டது. ஒருகாலத்தில் கூலிகள் தாளில் வைத்து உண்ட மலிவான கறிக்கு இன்று மக்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று பெரும்பொருள் கொடுக்கின்றனர். உலகியல் அப்படித்தான் இருக்கும். அதனைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் உண்பவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு.

நம் மார்க்கக் கல்வியில் ஒரு செய்தியை ஏற்குமுன் அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற இஸ்னாதைக் கேட்கிறோம். அறிவிப்பாளர் ஒருவரின் பெயர் விடுபட்டாலும் சங்கிலி அறுந்ததென்று கருதுகிறோம். அடுக்களைக் கலைகளுக்கு அத்தகைய இஸ்னாதை எவரும் எழுதி வைப்பதில்லை. பரணைக் கட்டிய தைனோ ஆடவனும், குழியருகே விழித்திருந்த அடிமையும், பின்கட்டில் விறகு அடுக்கிய கூலியும் இச்சங்கிலியில் பெயரின்றி நிற்கின்றனர். நம் வீட்டு உப்புக்கண்டத்திலும், மாசிச் சம்பலிலும், பெருநாள் கறியிலும் அவ்வாறே எத்தனையோ பெயரற்ற கைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அவர்களுள் இன்றும் நம்மோடு இருப்போரிடம், இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரையும் ஊரையும் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதி வைப்பார்களாயின், அவ்வளவில் அந்தக் கடன் சிறிது தீரும்.